கீமோ எடுப்பவருக்கு வீட்டில் மெதுவாக நீவிவிடுவது: எவ்வளவு அழுத்தம், எங்கே கூடாது?

நிழல்மரம்:

வணக்கம். அப்பாவுக்கு வயது 63. பெருங்குடல் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து கீமோ போய்க்கொண்டிருக்கிறது. முதல் நாள் ஆக்சாலிபிளாட்டின் டிரிப், பிறகு 14 நாள் கேபசிடபின் மாத்திரை, 7 நாள் ஓய்வு. மூன்று சுற்று முடிந்துவிட்டது. வலது மார்பில் போர்ட் (மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் பொருத்தும் சிறு கருவி) வைத்திருக்கிறார்கள். தூக்கம் சரியில்லை. தோளும் முதுகும் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது என்கிறார். விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற உணர்வும் இருக்கிறது.

சிகிச்சையோடு சேர்த்து மெதுவாக மசாஜ் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் "மெதுவா" என்பதற்கு மேல் விவரம் கிடைக்கவில்லை. கேட்க வேண்டியவை:

1. அழுத்தத்தை எப்படி அளப்பது?
2. பாதத்தில் தொடங்கலாமா? எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.
3. எண்ணெயா, கிரீமா? எவ்வளவு?
4. எத்தனை நிமிடம், எந்தெந்த நாளில்?
5. "தேய்த்தால் நோய் பரவிவிடும்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். இதில் உண்மை உண்டா?

---

கைப்பக்குவம்:

முதலில் வார்த்தையைச் சரிபண்ணிக்கலாம். பிடிச்சு விடு, அமுக்கி விடு, உருவி விடு, நீவி விடு என்று நாலையும் ஒரே அர்த்தத்தில் சொல்லிப் பழகிட்டோம். அப்பாவுக்கு வேண்டியது நாலாவது மட்டும்தான், அதுவும் பாதி பலத்தில். சதையைப் பிசையறது, கட்டைவிரலால் முடிச்சைத் தேடிக் குத்தறது, தட்டறது, சொடக்கு எடுக்கறது எதுவும் கிடையாது.

அழுத்தத்துக்கு ஒரு அளவு சொல்றேன். கண்ணை மூடிக்கிட்டு, உங்க இமை மேலே மோதிர விரலை வச்சு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் இழுத்துப் பாருங்க. விழியை உறுத்தக் கூடாது, விரல் தோலை விட்டு எழும்பவும் கூடாது. அதுதான் மேல்வரம்பு. அவர் உடம்பில் பார்த்துத் தெரிஞ்சுக்க ரெண்டு அடையாளம் இருக்கு. நீவின தடம் சிவக்கக் கூடாது. உங்க கைக்கு முன்னாடி தோல் மடிப்பு சுருண்டு ஓடக் கூடாது. மடிப்பு ஓடினா, ஒண்ணு நீங்க அழுத்தறீங்க, இல்லேன்னா எண்ணெய் போதலை.

அழுத்தத்தை விட வேகம்தான் முக்கியம். இதை யாரும் கண்டுக்கறதில்லை. ரோமம் உள்ள தோலில் மெதுவான வருடலுக்குன்னே தனி நரம்பிழைகள் உண்டு, சி-டாக்டைல் இழைன்னு சொல்வாங்க. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போது அவை நல்லா பதில் கொடுக்கும், உச்சம் 3 சென்டிமீட்டர் பக்கம். தொடற கையின் சூடும் தோலின் சூட்டை ஒட்டி, சுமார் 32 டிகிரி செல்சியஸ் இருக்கணும். மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்பு வரை ஏறக்குறைய 24 சென்டிமீட்டர்னா, ஒரு இழுப்புக்கு எட்டு விநாடி. மனசுக்குள்ளே ஒண்ணு முதல் எட்டு வரை எண்ணிக்கிட்டே போங்க. முதல் தடவை "இவ்வளவு மெதுவாவா?"ன்னு உங்களுக்கே சிரிப்பு வரும். அந்த வேகம்தான் சரி.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இந்த இழைகள் மிகக் குறைவு. அதனால் பாதத்தை விட முன்கையில் தொடங்கறதுக்கு நியாயம் அதிகம். பாதம் அவருக்கு ஏன் கூடாதுன்னு மருந்து சம்பந்தமா வேறொரு காரணமும் இருக்கு. அதை விவரம் தெரிஞ்சவங்க வந்து சொல்லட்டும்.

இப்போ செய்முறை. அப்பா பாதி சாய்ந்த நிலையில் படுக்கட்டும். முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. கைக்குக் கீழே இன்னொண்ணு, முழங்கை மணிக்கட்டு ரெண்டுக்கும் முட்டு கிடைக்கிற மாதிரி. கை அந்தரத்தில் நின்னா அதைத் தாங்கறதுக்கே அவர் தோள் இறுகிடும், நீங்க எவ்வளவு நீவினாலும் பிரயோஜனம் இல்லை. நீங்க பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்க. மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழட்டியாச்சா, நகம் வெட்டியாச்சான்னு பாருங்க. சோப்புப் போட்டு 20 விநாடி கழுவி, வெதுவெதுப்பான தண்ணியில் கையைச் சூடாக்கித் துடைச்சுக்குங்க.

போர்ட் வலப்பக்கம், அதனால் இடது கையில் ஆரம்பிங்க. ஒரு உள்ளங்கையை அவர் தோள் மேல் வையுங்க, இன்னொண்ணை மணிக்கட்டுக்கு அடியில் கொடுங்க. எதுவும் செய்யாதீங்க. அவர் மூணு தடவை மூச்சு விடற வரைக்கும் கை அப்படியே கிடக்கட்டும். பாதிப் பேர் தவற விடறது இந்த இடத்தைத்தான். கையை வச்ச உடனே தேய்க்கத் தொடங்கினா உடம்பு சிலிர்த்து இறுகும்.

எண்ணெயை உங்க உள்ளங்கையில்தான் ஊத்தணும், அவர் தோலில் இல்லை. ரெண்டு கைக்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி தாராளம். அதிகமா விட்டா கை வழுக்கும், வேகம் தானா ஏறும். குறைஞ்சா தோல் இழுபடும். வாசனை எண்ணெய் வேண்டவே வேண்டாம். குமட்டல் இருக்கிற நாளில் ஒரு வாசனை மூக்கில் ஏறிட்டா, அப்புறம் அந்த வாசனை வந்தாலே குமட்டும். வாசனை சேர்க்காத கிரீமும் சரிதான்.

அடுத்து, முழு உள்ளங்கையும் படிஞ்ச மாதிரி வச்சு, மணிக்கட்டின் வெளிப்பக்கத்திலிருந்து முழங்கை வரை எட்டு எண்ணிக்கையில் மேலே போங்க. உள்பக்கமா கனமே இல்லாம இறங்கி வாங்க. கை தோலை விட்டு எழும்பக் கூடாது. இப்படி ஆறு தடவை. பிறகு முழங்கையிலிருந்து தோள் வரை நாலு தடவை. கடைசியில் அவர் கையை உங்க ரெண்டு கைக்கும் நடுவில் வச்சு ஒரு நிமிஷம் சும்மா பிடிச்சிருங்க. விரல்களைச் சொடுக்கெடுக்கறதோ இழுக்கறதோ கூடாது. முடிக்கும்போது கையை வெடுக்குன்னு எடுக்காதீங்க. நின்னு, லேசாக்கி, அப்புறம் எடுங்க.

வலது கைக்கும் இதேதான், ஆனா மேற்கையின் பாதியோட நிறுத்திடுங்க. முதல் நாள் மொத்தமே 10 நிமிஷம். ஒத்துப்போனா 20 வரைக்கும் போகலாம், அதுக்கு மேலே வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கணும். தூக்கத்துக்காகன்னா படுக்கப் போற நேரத்துக்கு வச்சுக்குங்க.

---

வார்டு_சிஸ்டர்:

கை வேலையை மேலே நல்லா சொல்லியிருக்காங்க. நான் எங்கே, எப்போ கூடாதுன்னு மட்டும் சொல்றேன்.

பாதமும் உள்ளங்கையும். கேபசிடபின் மாத்திரைக்கு உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரிஞ்சு தோல் உரியற பக்கவிளைவு உண்டு. உராய்வும் சூடும் அதைக் கூட்டும். பாதத்தை நல்லா தேய்ச்சு விடறது மத்தவங்களுக்கு சுகம், இவருக்கு அதுவே புண்ணுக்கு வழி. யூரியா கலந்த கிரீம் டாக்டர் எழுதியிருந்தா ஒத்தி ஒத்திப் பூசுங்க, தேய்க்காதீங்க. அவர் காலைத் தொடணும்னு கேட்டா, புறங்காலையும் கணுக்காலையும் ரெண்டு கையால் சும்மா பிடிச்சிருந்தாலே போதும். சிவப்பு, எரிச்சல் ஏற்கனவே இருந்தா அடுத்த டோஸுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும், மாத்திரை அளவை மாத்த வேண்டி வரலாம்.

குளிர். ஆக்சாலிபிளாட்டின் ஏறின முதல் சில நாள் சில்லுன்னு எது பட்டாலும் விரல், உதடு, தொண்டை கூசும். சில்லிட்ட கை, அலமாரியில் கிடந்த எண்ணெய், ஃபேனுக்கு நேரா திறந்து கிடக்கிற உடம்பு மூணும் ஆகாது. எண்ணெய் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில் அஞ்சு நிமிஷம் வையுங்க. நீவாத பாகத்தைப் போர்வையால் மூடி வையுங்க. இன்னொரு விஷயம், விரல் மரத்துப் போனவருக்குச் சூடு தெரியாது. எண்ணெய்ச் சூட்டை உங்க மணிக்கட்டின் உள்பக்கம் சோதிச்சுப் பாருங்க, "சூடா இருக்கா?"ன்னு அவரைக் கேட்டு நம்பாதீங்க.

கால் வீக்கம். புற்றுநோய், கீமோ ரெண்டுமே ரத்தக்கட்டி வாய்ப்பைக் கூட்டும். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தா, ஆடுசதை வலிச்சா, தொட்டா மற்ற காலை விடச் சூடா இருந்தா கையே வைக்காதீங்க. அன்னிக்கே டாக்டரைப் பார்க்கணும். நீவி வீக்கத்தை இறக்கலாம்னு நினைச்சா, உள்ளே இருக்கிற கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். போர்ட் இருக்கிற பக்கத்துக் கை, கழுத்து வீங்கினாலும் இதே எச்சரிக்கைதான். திடீர்னு மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தா நேரா அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க.

பிளேட்லெட். ரத்தம் உறைய உதவற அணுக்கள் இவை. சாதாரணமா ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். கீமோவுக்குப் பிறகு 7 முதல் 14 நாளுக்குள் ரத்த எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கறது வழக்கம். 50,000-க்குக் கீழே போயிட்டா நீவறதை விட்டுட்டு வெறுமே கை வச்சுப் பிடிக்கறதோட நிறுத்துங்க, டாக்டரையும் கேளுங்க. ரிப்போர்ட் கையில் இல்லாத நாளில் கண்ணால் பாருங்க. கெண்டைக்காலில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள், காரணமே இல்லாத கன்றல், பல் தேய்க்கும்போது ரத்தம் இதில் எது இருந்தாலும் நீவல் கிடையாது.

காய்ச்சல். 38 டிகிரி தொட்டா மசாஜைப் பத்தி யோசிக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க. உங்களுக்குச் சளி, இருமல் இருந்தாலும் அன்னிக்கு நீங்க கை வைக்கக் கூடாது.

போர்ட், வயிறு. போர்ட்டைச் சுத்தி நாலு விரல் அகலம் விட்டுடுங்க. அங்கிருந்து கழுத்துக்குத் தோலுக்கடியில் குழாய் போகும், அந்த வழியும் வேண்டாம். அறுவை சிகிச்சை நடந்த வயிற்றைத் தொடவே வேண்டாம்.

---

ஓடைக்கல்:

இதுக்கெல்லாம் லிம்ஃப் டிரெயினேஜ்தான், அதாவது நிணநீர் வடிப்புதான் சரியான வழி. நிணநீர் என்றால் திசுக்களிலிருந்து வடிந்து ஓடும் நீர். கீமோ மருந்தின் நச்சு நிணநீரில் தங்கிவிடும். அக்குள், தொடை இடுக்கு பக்கமாகத் தள்ளிவிட்டால் வெளியேறிவிடும், உடம்பு லேசாகும். வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

---

பிசியோ_72:

ஓடைக்கல், இங்கே இரண்டு விஷயம் குழம்பியிருக்கிறது.

கீமோ மருந்துகளையும் அவற்றின் கழிவையும் உடைத்து வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். ஆக்சாலிபிளாட்டினில் உள்ள பிளாட்டினம் பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் போகிறது. தோலுக்கடியில் தேங்கி நிற்கும் நச்சை யாரும் கையால் தள்ளி வெளியேற்ற முடியாது. மசாஜ் முடிந்து உடம்பு லேசாகத் தெரிவது உண்மைதான், ஆனால் அது நரம்பு தளர்ந்ததால் வருவது.

நிணநீர் வடிப்பு என்பது தனிக்கலை. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வாடர், தம் மனைவி எஸ்ட்ரிட்டோடு சேர்ந்து 1930-களில் பிரான்சில் உருவாக்கியது. நிணநீர்க் கணுக்களை எடுத்த பிறகு கையோ காலோ வீங்கும் லிம்ஃபெடிமாவுக்கு, இறுக்கக் கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவற்றோடு சேர்த்து அதைச் செய்கிறோம். ரத்தக்கட்டி, தொற்று, கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு இருந்தால் செய்யக் கூடாது. கேள்வி கேட்டவரின் அப்பாவுக்கு லிம்ஃபெடிமா இருப்பதாகத் தெரியவில்லை. பிறகு எதற்கு?

ஐந்தாவது கேள்விக்கு வருகிறேன். மென்மையாக நீவுவதால் புற்றுநோய் பரவும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தேய்த்தால் நிணநீர் ஓடி நோயைக் கொண்டுபோகும் என்றுதான் பயப்படுகிறார்கள். ஆனால் நடந்தாலும், கையைத் தூக்கினாலும், ஆழ்ந்து மூச்சு விட்டாலும் நிணநீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இருந்தாலும் கட்டி இருக்கும் இடத்தின் மேலும், கதிர்வீச்சு கொடுத்துக்கொண்டிருக்கும் தோலிலும் கை வைப்பதில்லை. எலும்புக்குப் பரவியிருந்தால் அந்த எலும்பு சிறு அழுத்தத்திலும் முறியலாம். முதுகில் ஒரே புள்ளியில், இரவில் கூடும் வலி புதிதாக வந்தால் அதை "இறுக்கம்" என்று நீங்களே முடிவு செய்துவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதனால் என்ன கிடைக்கும் என்று எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்வது நல்லது. 2004-இல் வெளியான நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை ஆய்வில் 1,290 நோயாளிகளின் பதட்டம், வலி, சோர்வு, குமட்டல் அளவுகள் மசாஜுக்குப் பின் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. ஒப்பிட்டுப் பார்க்க மசாஜ் பெறாத குழு அதில் இல்லை, ஆகவே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு இன்னும் கறாரானது. முற்றிய புற்றுநோய் கொண்ட 380 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பயிற்சி பெற்றவர்களின் மசாஜ். மறு பாதிக்கு, மசாஜ் தெரியாத தன்னார்வலர்கள் வெறுமனே கை வைத்திருந்தார்கள். முடிந்த கையோடு பார்த்தால் வலி குறைந்ததிலும் மனநிலையிலும் மசாஜ் முன்னால் நின்றது. சில வாரக் கணக்கில் பார்த்தபோது இரு குழுவும் தேறியிருந்தன, வித்தியாசம் இல்லை. அதாவது நன்மை உண்டு, குறுகிய காலத்துக்கு. வீட்டில் ஒருவர் தினம் 10 நிமிடம் கை வைத்திருப்பதை "ஒன்றும் தெரியாமல் செய்கிறேனே" என்று குறைவாக நினைக்க வேண்டாம். கட்டியைச் சுருக்கவோ கீமோவின் வேலையைச் செய்யவோ இதனால் ஆகாது. அப்படி யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

---

நிழல்மரம்:

எல்லோருக்கும் நன்றி. பாதத்தை விட்டுவிடுகிறேன். இரண்டு சந்தேகம். முதுகுதான் அவர் அதிகம் கேட்கிறார், ஆனால் போர்ட்டும் வயிற்றுத் தையலும் இருப்பதால் குப்புறப் படுக்க முடியாது. இன்னொன்று, "நல்லா இருக்காப்பா?" என்று எப்போது கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் வருகிறது. பிடிக்காவிட்டாலும் சொல்ல மாட்டார்.

---

கைப்பக்குவம்:

ரெண்டாவதை முதல்ல சொல்றேன். "நல்லா இருக்கா?"ன்னு கேட்டா பெத்தவங்க வாயில் வேற பதில் வராது. பிள்ளை மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு இருக்கும். ரெண்டில் ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க: "இதே அளவு இருக்கட்டுமா, இன்னும் லேசாக்கவா?" அப்போ லேசுன்னு சொல்றது குறை சொல்ற மாதிரி இருக்காது. "இன்னும் அழுத்தவா?"ங்கற பேச்சை எடுக்கவே எடுக்காதீங்க.

வாயை விட உடம்பு நேர்மையா பதில் சொல்லும். கால் விரல் மடங்குதா, புருவத்துக்கு நடுவில் கோடு விழுதா, தோள் காதுப் பக்கமா ஏறுதா, மூச்சு நடுவில் நிக்குதா பாருங்க. இதில் எது வந்தாலும் நீவறதை நிறுத்தி, கையை எடுக்காம அங்கேயே சும்மா வையுங்க. மூச்சு சீரானா பாதி அழுத்தத்தில் தொடருங்க. சீராகலைன்னா அந்த இடத்தை விட்டுடுங்க. ஒத்துப்போகுதுங்கறதுக்கும் அடையாளம் உண்டு. மூச்சு நீளும், தாடை தளரும், வயிற்றில் கொறகொறன்னு சத்தம் கேட்கும்.

முதுகுக்கு இடப்பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க, வலது போர்ட் மேலே இருக்கும். தலைக்கு ஒரு தலையணை, முழங்காலுக்கு நடுவில் ஒண்ணு, மார்பை ஒட்டி அணைச்சுக்க ஒண்ணு. அந்த மூணாவது இல்லேன்னா மேல்கை முன்னாடி சரிஞ்சு தோளை இழுக்கும், போர்ட் தோலும் இழுபடும். ஒரு கையை இடுப்பில் அசையாம வச்சுக்கிட்டு, மறு கையை கழுத்தடியிலிருந்து இடுப்பு வரைக்கும் கொண்டு வாங்க. முதுகெலும்பு மேலே வேண்டாம், அதுக்கு ரெண்டு விரல் தள்ளி. அந்த நீளத்துக்கு ஒரு இழுப்பு 15 விநாடியாவது ஆகணும். பக்கத்துக்கு அஞ்சு தடவை. அவர் திரும்பிப் படுக்கத் தேவையில்லை, ரெண்டு பக்கமும் கை எட்டும். சட்டை மேலேயே செய்யலாம், எண்ணெய் தேவைப்படாது. தையல் வலிக்குதுன்னா ஒருக்களிக்கறதை விட்டுட்டு, நாற்காலியில் உட்கார வச்சு மேஜை மேல் தலையணையில் சாயச் சொல்லுங்க.

கல் மாதிரி இருக்கிற இடம் கையில் தட்டுப்படும். அப்போ கட்டைவிரல் தானா அங்கே போய் அழுத்தும், பழக்க தோஷம். அழுத்தாதீங்க. அந்த இடத்தின் மேலே உள்ளங்கையை ஒரு நிமிஷம் வச்சு எடுங்க. கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் எப்பவுமே வேண்டாம். தலைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் அங்கே ஓடுது, அழுத்தினா நாடித்துடிப்பு சட்டுனு குறைஞ்சு மயக்கம் வரலாம். பின்கழுத்தில் கை வைக்கலாம், திருப்பவோ இழுக்கவோ கூடாது.

நடுவில் தூங்கிட்டார்னா அதோட நிறுத்துங்க. மறு பக்கம் பாக்கி இருக்குன்னு எழுப்பாதீங்க.

உங்க உடம்பையும் பாருங்க. கட்டில் தாழ்வா இருந்தா குனிஞ்சு குனிஞ்சு உங்க இடுப்பு போயிடும். இடுப்பு வலிக்க ஆரம்பிச்சா அந்தக் கனம் நேரா கைக்கு வந்து அவர் மேல் இறங்கும். உங்களுக்குக் களைப்பா இருக்கிற நாளில் நீவாம கையைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க.

---

வார்டு_சிஸ்டர்:

நாள் கணக்கைப் பத்தி விட்டுப்போச்சு. டிரிப் ஏறின அன்னிக்கும் அடுத்த ரெண்டு நாளும் அஞ்சு நிமிஷம் கையைப் பிடிச்சிருந்தா போதும். களைப்பும் குமட்டலும் அப்போ அதிகம் இருக்கும். குமட்டும்போது ஆட்டம் கொடுக்கிற எதுவும் ஆகாது. 7-லிருந்து 14-ஆம் நாள் வரை தோலைப் பார்த்து, ரிப்போர்ட்டைப் பார்த்துச் செய்யுங்க. ஓய்வு வாரத்தில்தான் முழு 20 நிமிஷம். மறுநாள் சோர்வு கூடியிருந்தா அடுத்த தடவை நேரத்தைப் பாதியாக்குங்க. எந்த நாளில் எத்தனை நிமிஷம், மறுநாள் எப்படி இருந்தார்னு ஒரு நோட்டில் ஒரு வரி எழுதி வச்சா அடுத்த சுற்றுக்கு உதவும்.

கையுறை போடணுமான்னு அடுத்துக் கேள்வி வரும். தோலைத் தொட்டு நீவறதுக்கு வேண்டாம். வாந்தி, சிறுநீர், மலம் பட்ட துணியை எடுக்கும்போது மட்டும் போடுங்க. டிரிப்புக்குப் பிறகு 48 மணி நேரம்னு பொதுவா சொல்வாங்க, இவர் மாத்திரையும் சாப்பிடறதால் மாத்திரை நாட்களிலும் போட்டுக்கறது நல்லது. கர்ப்பமா இருக்கிறவங்க வீட்டில் இருந்தா அந்தத் துணிகளை அவங்க தொட வேண்டாம்.